நுனி நனைச்ச நூல்

அது இல்லம்மா, இதோ இந்த மேசை. ஜன்னலோரம் உங்கம்மா, பக்கத்துல நான். பதினோரு வருஷமா முழங்கை இடிச்சுக்கிட்டுக் கோட்டுக்குப் பட்டன் கட்டினோம். உக்காரு, மாஸ்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவரே இப்பத்தான் காய்ச்சல்லேர்ந்து எந்திரிச்சு வந்திருக்காரு.

உங்கம்மா செருப்பு, டிபன் டப்பா எல்லாம் பையில எடுத்து வச்சுட்டேன், பாத்துக்கோ.

கண்ணாடியா? அக்கா, அதான் உங்கம்மா, எங்க அதப் போட்டுச்சு? கண்ணாடி போட்டவங்கள மாஸ்டர் துணி மடிக்க அனுப்பிருவாரு, கூலி பாதியாயிரும். அந்தப் பயத்துல போடவே இல்ல. பட்டன் கட்டறதுக்குக் கை பழக்கம் போதும், ஊசில நூல் கோக்கத்தான் கண்ணு வேணும். அதுக்கு நான். நூல் தீந்தா மேசைக்கடியில என் தொடையில ஒரு கிள்ளு. நான் நுனிய வாயில வச்சு நனைச்சு, கோத்துக் கமுக்கமா நீட்டுவேன். அக்கா அந்த நுனியவே பல்லால கடிச்சு இழுத்து முடிச்சுப் போடும். பல்லு தேஞ்சிரும்னு எத்தனையோ தரம் திட்டியிருக்கேன், கேக்காது. எச்சில்னு நாங்க ரெண்டு பேரும் பாத்ததே இல்லம்மா, ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சவங்க.

என்ன, எந்திரிச்சுட்டே? பேக்கிங்ல புதுசா சேந்தவளையா? நாலு கேள்வி கேக்கணுமா? வேண்டாம்மா. உங்கம்மா உசிர எடுத்த காய்ச்சல அவதான் கொண்டாந்தான்னு எல்லாரும் பேசுறாங்க, தெரியும். யாரும் அவகூட உக்காந்து சாப்பிடக்கூட மாட்டேங்கறாங்க. நானும் வாயத் தெறக்காமத்தான் இருந்தேன், பாவி. ஆனா நீ போயி அவ முகத்துக்கு நேரா கேட்டா எனக்குத் தாங்காது.

கைய விடும்மா, சொல்றேன்.

அவளுக்குக் காய்ச்சல் வந்ததே உங்கம்மா போனப்புறம்தான். மொத ஆளு நான். அந்தத் திங்கக்கிழமை விடியும்போதே உடம்பு அனலாக் கொதிச்சுது. வாசல்ல கேட்டாங்க, யாருக்காவது காய்ச்சல் இருமல் இருக்கான்னு. இல்லேன்னு சொல்லிட்டு, ஒரு மாத்திரையப் போட்டுக்கிட்டு உள்ள வந்து உக்காந்தேன். இருமல் வந்தா கோட்டுத் துணிக்குள்ள முகத்தைப் புதைச்சுக்குவேன். அக்கா முதுகைத் தடவிக் குடுத்துச்சு.

லீவுக்காக இல்லம்மா, லீவெல்லாம் குடுப்பாங்க. நான் வரலேன்னா அக்காவுக்கு யாரு கோத்துக் குடுப்பா? ஒரே நாள்ல மாட்டிக்குமே.

அன்னிக்கு மட்டும் முப்பது ஊசி கோத்துக் குடுத்தேன்.