உறைந்த ஆற்றில் வழி கேட்டவன்

எங்கள் வீட்டில் கடை மீன் வாங்குவதில்லை. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து நாங்கள் இருக்கிற மல்வேர்னில், எங்கள் வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருபது வருடமாகச் சனிக்கிழமைகளில் ரூஜ் ஆறு ஏரியில் சேரும் இடத்துக்குப் போய்த் தூண்டில் போடுகிறேன். மத்தியானம் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மீன் கொடுப்பேன். பதிலுக்கு ஒன்றும் வாங்கியதில்லை. "சச்சி அண்ணை, நீங்கள் இல்லாட்டி எங்களுக்கு ஏது நல்ல மீன்" என்பார்கள். எனக்கு அது போதும்.

நீங்கள் அந்த வீடியோவைப் பற்றித்தான் கேட்டீர்கள், தம்பி. அதற்கு வருகிறேன். பொலிசில் இருந்தாலும் நீங்களும் தமிழ்ப் பிள்ளை என்றபடியால் உங்களுக்கு விளங்கப்படுத்துவது எனக்குச் சுலபம்.

மாமாங்கம் என்ற அந்தப் பொடியன் மட்டக்களப்பான். இரண்டு வருடத்துக்கு முன் மனைவி புஸ்பராணியோடு எங்கள் வரிசையில் குடிவந்தான். நல்ல பிள்ளை. ரூஜுக்கு அவனைக் கூட்டிப்போனதே நான்தான். முதல் நாளே நான் மூன்று பிடிக்க, அவன் பதினொன்று பிடித்தான். அந்தக் கோடை முடியுமுன் வீடுகளுக்குப் போனதெல்லாம் அவன் மீன்தான்.

ஒருநாள் என் மனைவி கமலாம்பிகை சாப்பிடும்போது சொன்னாள்: "மாமாங்கத்தின்ரை மீனெண்டால் குழம்பே வேறை மாதிரி வருது, என்னப்பா." அவள் மனதில் கள்ளமில்லை. நானும் ஓம் என்றேன். ஆனால் பாதிச் சோற்றில் எழும்பிவிட்டேன்.

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. பழகாத தண்ணீரில் கால் வைக்குமுன் அங்கே பழகியவனிடம் கேட்பான். "எங்கட வாவியில அப்பிடித்தான் அண்ணை. துறைக்காரர் காட்டின வழியால போகணும். திருப்பிக் கேக்கப்படாது. கேட்டா அவர நம்பல்ல எண்டு ஆயிரும்" என்பான்.

இந்த மாசி மாதம்தான் முதல் முறையாகப் பனிக்கட்டிமேல் மீன் பிடிக்க வந்தான். நான்தான் கூப்பிட்டேன். அடியில் ஆற்று நீர் ஓடும் இடத்தில் கட்டி தடிக்காது. மேலே பனி மூடிக் கிடந்தால் கண்ணுக்கும் தெரியாது. எனக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும்.

கரையில் நின்று கேட்டான். "அண்ணை, நான் எங்கால போற?"

"உதாலை நேரை போ. நாணல் முடியிற இடத்திலை துளை போடு. நேற்றும் நான் அங்கைதான் இருந்தனான்."

அதற்கு முதல் நாள் நான் வீட்டை விட்டே வெளிக்கிடவில்லை. அவன் திருப்பிக் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு நடந்தான். நான் வழக்கமான இடத்தில் துளையிட்டு நூலை இறக்கினேன்.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது தலையும் இரண்டு கைகளும் தெரிந்தன. "அண்ணை" என்று கூப்பிட்டான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டான். என் சறுக்குவண்டியில் கயிறு இருந்தது. அது எட்டும்.

தள்ளினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் கை வைக்கவில்லை. அவன் கேட்டான், நான் வழி சொன்னேன். சாவான் என்று தெரிந்துதான் சொன்னேன்.

பாலத்தில் நின்ற பெண் எடுத்த வீடியோவில் நான் ஏன் குனிந்திருக்கிறேன் என்றல்லவா கேட்டீர்கள். அந்த நேரம் பார்த்து என் தூண்டிலில் மீன் பட்டுவிட்டது. நல்ல பெரியது, ஐந்து இறாத்தல் வரும். மாட்டிய உயிரைத் துடிக்கவிட்டுப் போவது பாவம். அவசரப்பட்டு இழுத்தால் வாய் கிழியும். பக்குவமாக எடுத்து, கொழுக்கியைக் கழற்றி வாளியில் போட்டேன். பிறகு பார்த்தால் கைகளைக் காணவில்லை. அதற்குப் பிறகுதான் அவசர இலக்கத்துக்கு அழைத்தேன்.

எட்டாம் நாள், இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்துப் படைப்போம். அதற்கு முதல் நாள் புஸ்பராணி எங்கள் வாசலுக்கு வந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. "ஏரி மீன் இல்லாம அவருக்கு எப்பிடிப் படைக்கிற, அண்ணை? உங்களத் தவிர ஆரிட்டக் கேப்பன்?"

அன்று பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்த அந்த மீனைத்தான் கொடுத்தேன். அவன் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு வந்தவர்களுக்கும் பரிமாறினாள். எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டார்கள். என் இலையில் இரண்டாம் தரமும் ஒரு துண்டு வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் மறுத்தால் பாவம், அவள் மனம் நோகும்.