ஒரு இடம் விடாமல்

கறுப்பு பெயின்ட்டில் தூசி சீக்கிரம் தெரியும், மேடம். பெயின்ட் பற்றி அண்ணனிடம் நான் சொன்னது அது ஒன்றுதான்.

லேசர் கட்டர் என்றால் பெரிதாக ஏதோ தோன்றும். எங்கள் வீட்டில் இருந்தது தையல் மேசை அகலத்தில் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே ஒளிக்கற்றை ஓடி மரப்பலகையில் எழுத்து வெட்டும். அண்ணன் அதில் பெயர்ப்பலகை செய்து வீடியோ போடுவார். டிசைன் வரைவது, ஓரம் தேய்ப்பது, புகைக்கறை துடைப்பது மட்டும் நான். மீதி எல்லாம் அவர். அதாவது, பேசுவது.

நான் இயற்பியல் படித்தவள். கூச்ச சுபாவம். வீட்டில் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வேறு ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. அவர்கள் போன் செய்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எடுத்து, எனக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார்.

"அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேங்க" என்றார் அண்ணி.

"கேட்டா மட்டும் பதில் சொல்லிடப்போறாளா? அங்க போய் வாயில்லாம என்ன பண்ணுவா? இங்க பலகை தேய்க்க ஆள் வேணாமா?"

நியாயம்தான். எழுந்துபோய்த் தட்டைக் கழுவி வைத்தேன். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு நீளமான பலகை உள்ளே நுழையவில்லை என்று அண்ணன் பெட்டியைக் கிரைண்டரால் அறுத்தார். பின்தகட்டில் கரன்ட் ஒயருக்குப் புதிதாக ஒரு துளை போட்டார். துளையின் ஓரம் பிளேடு மாதிரி இருந்தது. ரப்பர் வளையம் ஒன்றைத் தேடி எடுத்துப்போய் நீட்டினேன்.

"என்னது?"

"ஒயர் தேஞ்சிடும்ணா."

"அட, கோட்டான் வாயத் தொறந்திருச்சு!" அண்ணியைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு, விஞ்ஞானி பேசுறாங்க." சிரித்து முடித்து என்னிடம் திரும்பினார். "உன் படிப்பு பரீட்சையோட போச்சும்மா. நீ பெயின்ட் அடி. ஒரு இடம் விடாம அடி. வீடியோல துளி இரும்பு தெரியக் கூடாது."

நான் சொல்பேச்சு கேட்பவள். வளையத்தை டப்பாவிலேயே திரும்பப் போட்டேன். ஒரு இடம் விடாமல் அடித்தேன்.

அந்தப் பெட்டியின் உள்ளே எர்த் ஒயர் மாட்டும் போல்ட் ஒன்று உண்டு. அதன் அடியில் மட்டும் தகட்டில் பெயின்ட் படக் கூடாது. இரும்போடு இரும்பு தொட்டால்தான், கசிகிற கரன்ட் ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குப் போகும். பெயின்ட்டின் மேல் முடுக்கினாலும் போல்ட் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். வேலைதான் செய்யாது. அந்த வகையில் அண்ணனுக்குப் பொருத்தம்.

"பெயின்ட் வரைக்கும் எல்லாமே என் கையால பண்ணது நண்பர்களே" என்று வீடியோவில் சொன்னார். ஆகவே பெயின்ட் அடித்தது அவர்தான். ஆதாரம் இருக்கிறது, பாருங்கள்.

பெட்டி ஓடும்போது அதிரும். ஒயர் அந்த ஓரத்தில் உரசுவது, தூக்கத்தில் யாரோ பல் கடிப்பதுபோல் கேட்கும். பக்கத்து மேசையில் உட்கார்ந்து பலகை தேய்த்துக்கொண்டே தினமும் கேட்டேன். அந்த அறைக்குள் ரப்பர் செருப்பு இல்லாமல் நான் போனதில்லை. அண்ணிக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். அண்ணனுக்கு வீட்டுக்குள் செருப்புப் போடுவது பிடிக்காது.

அன்று குளிர்விக்கும் தண்ணீர் வாளியிலிருந்து சிந்தித் தரை ஈரமாக இருந்தது. அண்ணன் வெறுங்காலோடு வந்து, கைபட்டுக் கைபட்டுப் பெயின்ட் உரிந்திருந்த மூடி விளிம்பைப் பிடித்தார். பிடித்த கையை எடுக்கவில்லை.

"ஐயோ, அவரப் புடிச்சு இழும்மா!" என்று அண்ணி ஓடிவந்தார். நான் அண்ணியைத்தான் பிடித்தேன். கரன்ட் அடித்தவரைத் தொடக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். அண்ணியைக் கையோடு கூட்டிக்கொண்டு வாசல்பக்கம் நடந்துபோய் அணைத்தேன். ஏன் ஓடவில்லை என்கிறீர்கள். பெண்பிள்ளை வீட்டுக்குள் திங்குதிங்கென்று ஓடினால் அண்ணனுக்கு ஆகாது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். விதிவிலக்கு உண்டு போலிருக்கிறது.

உங்கள் மேசையில் இருக்கும் அந்த வட்டமான டேப் துண்டு நான் வெட்டியதுதான். பெயின்ட் படக் கூடாத இடத்தில் முன்னதாக ஒட்டுவது. முதல் கோட்டிங்கை அதன்மேல் அடித்தேன். அதனால்தான் ஒரு பக்கம் கறுப்பு. பிறகு அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. உரித்து, நான் பலகை தேய்க்கும் மேசைக்கு அடியில் ஒட்டிவிட்டு, அந்த வட்டத்துக்குள்ளும் அடித்தேன். காய்ந்ததும் போல்ட்டை முடுக்கி மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். எர்த் சேர்ந்திருந்தால் அது கத்தும். கத்தவில்லை. வீட்டில் என்னைப்போல் இன்னொரு ஊமைக்கோட்டான்.

அவ்வளவுதான், மேடம். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு உதவி. என் போன் உங்களிடம் இருக்கிறது. அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து மறுபடி கூப்பிட்டால் நீங்கள் எடுக்காதீர்கள். இந்தத் தடவை நானே பேசிக்கொள்கிறேன்.