சிரிப்புக் கோடு

எனக்குச் சிரிக்கத் தெரியாது என்று சொல்வது தப்பு. சிரிப்பேன். சத்தம் வராது, அவ்வளவுதான். தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கும். ஒருமுறை பக்கத்தில் இருந்தவர்கள் விக்கல் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மறுக்கக் கூச்சமாக இருந்ததால் குடித்துவிட்டேன்.

அந்தக் காரணத்துக்காகத்தான் நம் நாடக வாசிப்பில் கோடு போடுகிற வேலையை எனக்குக் கொடுத்தீர்கள். நான் கேட்டு வாங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் அம்மா போன சனிக்கிழமை என்னைத் தனியாக நிறுத்தி, "நடந்ததை நடந்தபடி எழுதிக் குடு. எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டணும்" என்றார். பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதச் சொன்னால் ஒன்றும் இல்லை. அதனால் எழுதுகிறேன். டெய்லர் அண்ணன் இதைக் குரலை மாற்றி வாசிக்க வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்தவர்களும் கேட்பார்கள் என்பதால் ஆரம்பத்திலிருந்து வருகிறேன். வானொலியில் வாராவாரம் வருகிற அந்த ரிப்பேர் கடை நிகழ்ச்சி என்றால் நமக்கு உயிர். மாமாவும் மாப்பிள்ளையுமாகக் கடை வைத்திருப்பார்கள். பதினோரு வருஷமாக அந்தக் கடைக்குள் போன ஒரு பொருளும் சரியாகித் திரும்பி வந்ததில்லை. அதே இருவரை வைத்து நாமே குட்டி நாடகங்கள் எழுதி, நான் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற தையல் கடையின் மாடியில் சனிக்கிழமை மத்தியானம் வாசித்துப் பார்க்கிறோம். டெய்லர் அண்ணன்தான் மாமா. பல்செட் கட்டுகிறவர் மாப்பிள்ளை.

எழுதியவர் மட்டும் அறையில் இருக்கக் கூடாது. முகத்தைப் பார்த்தால் மரியாதைக்குச் சிரித்துத் தொலைப்போம் என்று வைத்த விதி. அவர் கீழே தெருவில் நிற்பார். நான் கதவோரம் பிரதியோடு உட்கார்ந்து, அறை சிரிக்கிற இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு போடுவேன். பலமாகச் சிரித்தால் இரண்டு. பிறகு கீழே இறங்கிப் போய்ப் பிரதியைக் கொடுத்து, எதை வைக்கலாம், எதை வெட்டலாம் என்று சொல்வேன். வேறு யாரும் எழுதியவரிடம் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. ஒருதடவை திறந்து, பல்செட்காரருக்கே பல்செட் தேவைப்படும் போல ஆகிவிட்டதால் வந்த விதி அது.

நான் நேர்மையாகத்தான் போட்டுவந்தேன். பல்செட்காரர் எழுதிய பதினான்கு பக்கத்துக்கு மூன்று கோடு. அதில் ஒன்று நாற்காலி உடைந்ததற்கு விழுந்த சிரிப்பு. போனால் போகிறது என்று சேர்த்துக்கொண்டேன்.

அப்புறம் கண்டக்டர் அக்கா வந்து சேர்ந்தாள். தினமும் காலையில் நான் கடைக்கு வருகிற பஸ்ஸில் சீட்டுக் கிழிக்கிறவள். இந்த மாடியைப் பற்றி அவளிடம் சொன்னதே நான்தான். ஒருநாள் பஸ் படியை அடைத்துக்கொண்டு நின்ற ஒருவர், "இந்த பஸ் எப்பம்மா போய்ச் சேரும்?" என்று கேட்டதற்கு, "நீங்க நகர்ந்தீங்கன்னா இன்னைக்கே, சார்" என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு விக்கல் வந்துவிட்டது. என்னைக் "கோடு" என்று கூப்பிட ஆரம்பித்ததும் அவள்தான். நீங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டீர்கள்.

அவளுடைய முதல் நாடகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரிப்பேர் கடைக்கு ஒரு பெண் குடையோடு வருகிறாள். கூப்பிடக் கூச்சப்பட்டுக் கதவோரமே நிற்கிறாள். மாப்பிள்ளை அவளைச் சட்டை மாட்டுகிற ஸ்டாண்ட் என்று நினைத்துத் தன் சட்டையை மாட்டிவிட்டுப் போகிறான். மாமா வந்து தொப்பியை மாட்டுகிறார். சாயங்காலம் வரைக்கும் அவள் ஒன்றும் சொல்வதில்லை. கடை சாத்துகிற நேரத்தில் சட்டையை அழகாக மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள். மறுநாள் மாமா, "நேத்து இருந்த ஸ்டாண்ட் எங்கடா? நல்ல ஸ்டாண்டு" என்கிறார்.

டெய்லர் அண்ணனால் மேலே வாசிக்க முடியவில்லை. வார்டன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஒரு கோடும் போடவில்லை.

கீழே அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தாள்.

"மேல ஒரே சத்தமா இருந்துச்சே, கோடு?"

"அண்ணனுக்குக் கண்ணாடி நழுவிடுச்சுக்கா. அதுக்குச் சிரிச்சாங்க."

"அவ்வளவு நேரமாவா நழுவுச்சு?"

"ரெண்டு தடவை நழுவுச்சு."

"அந்தச் சட்டை மாட்டுற இடம்?"

"அங்க அமைதியாயிட்டாங்க. பாவமா இருந்திருக்கும்."

அக்கா கோடு விழாத பக்கங்களைப் புரட்டினாள். "எங்க பெரியம்மா பொண்ணு அப்படியேதான் இருப்பா. ஒரு கல்யாணத்துல நிஜமாவே ஒருத்தர் அவ தோள்ல பையை மாட்டிட்டுச் சாப்பிடப் போயிட்டாரு. சிரிப்பு வரும்னு நெனச்சேன்."

நான் நம்பினேன். நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது? எல்லோருக்கும் ஒரு பெரியம்மா பெண் இருப்பாள்.

அடுத்த நாடகங்களுக்குக் கோடு போட்டேன். ஒன்றுமே போடாவிட்டால் மனசு உடைந்துபோகும் அல்லவா? "வாங்க, உட்காருங்க" என்ற இடத்தில் ஒன்று. "கதவைச் சாத்துப்பா" என்ற இடத்தில் இரண்டு. அக்கா சொன்னபடி கேட்கிறவள். கோடு விழாததை வெட்டினாள், விழுந்ததை வளர்த்தாள். அவளுடைய நாடகங்களில் ஆட்கள் வந்து உட்கார்வதும் கதவு சாத்துவதும் அதிகமாகிக்கொண்டே போயிற்று. "அக்காவுக்கு முட்டிவலி ஜாஸ்தி போல" என்று நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொண்டீர்கள். ஏழாவது நாடகத்துக்குப் பிறகு நான் பொய் சொல்ல வேண்டியே வரவில்லை. உண்மையாகவே யாரும் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வானொலியில் அறிவிப்பு வந்தது. நேயர்கள் எழுதி அனுப்பலாம், நன்றாக எழுதுகிறவரை நிகழ்ச்சிக்கு எழுத வேலைக்கே எடுத்துக்கொள்வார்கள் என்று. அக்காவுக்கு அது முக்கியம். பத்தொன்பது வருஷமாக நின்றுகொண்டே இருக்கிறவள். டாக்டர், முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது, உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார் என்று சொல்லியிருந்தார். "எனக்குத் தெரிஞ்ச வேலை ரெண்டுதான். ஒண்ணு நின்னுக்கிட்டுப் பேசறது. இன்னொண்ணு உட்கார்ந்துக்கிட்டுப் பேசறது. ரெண்டாவதுக்கு ஆள் எடுக்கறாங்களாம் கோடு" என்றாள்.

முதல் நாடகத்தையே திருத்தி அனுப்ப நினைத்தாள். எனக்குக் காட்டினாள். ஸ்டாண்டை எடுத்துவிடச் சொன்னேன். பிறகு தொப்பியை. மூன்றாம் தடவை அந்தப் பெண்ணையே எடுத்துவிடச் சொன்னேன். "அவ இல்லாட்டி அதுல என்ன இருக்கு?" என்றாள். "கச்சிதமா இருக்குக்கா" என்றேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. கையெழுத்து அழகாக இருப்பதாகவும் நகைச்சுவை எங்கே என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அக்கா அதை எனக்குத்தான் முதலில் காட்டினாள். "நீ பார்த்துக் குடுக்கலைன்னா இன்னும் மானம் போயிருக்கும், தங்கச்சி" என்றாள். பரவாயில்லைக்கா என்றேன்.

போன வாரம் வார்டன் அம்மா விதியை மீறி, "உன் முதல் நாடகத்துக்கு வயிறு வலிக்கச் சிரிச்சோமே, ஏன் விட்டுட்ட?" என்று அவளிடம் கேட்டாராம். "மரியாதைக்குச் சொல்றீங்க" என்றாளாம். அதன் பிறகுதான் வார்டன் அம்மா பழைய பிரதியை வாங்கிப் பார்த்திருக்கிறார். ஓரத்தில் ஒரு கோடுகூட இல்லை.

கோபத்தில் செய்தாயா என்று என்னைக் கேட்டார். கோபம் எதற்கு? அந்தப் பெண் நான்தான் என்று நான் நினைக்கவே இல்லை. அவள் கதவுக்கு வலது பக்கம் நிற்பாள். நான் இடது பக்கம்.

இப்போது பஸ்ஸில் அக்கா சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறாள். ஏன்கா பேசுவதே இல்லை என்று கேட்டேன். "இத்தனை வருஷமா பஸ்லயும் நான் பேசினதுக்கு மரியாதைக்குச் சிரிச்சிருக்காங்க. நான்தான் புரிஞ்சுக்கலை. பாவம், காலையில வேலைக்குப் போற ஜனங்க" என்றாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். முதல் நாடகத்திலிருந்து தபாலில் போனது வரை எல்லாம் நான்தான். பஸ் இப்போது அமைதியாக இருக்கிறது. கடைசி சீட்டில் நிம்மதியாக வருகிறேன். முன்பெல்லாம் அந்த பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அப்படி இல்லை, உன்னை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை என்று அக்கா சத்தியம் செய்வாள். அவளுக்கு என்ன தெரியும்? அந்தச் சிரிப்புக்கும் கோடு போட்டுக்கொண்டு வந்தவள் நான்.