குழிக்குத் தொப்பி கொடுத்த கோமான்

வட்டெறி களத்தின் வாடா விளக்கே! வெள்ளைக் கோட்டுக்கும் வெறும் புல்லுக்கும் வேற்றுமை கண்ட வேந்தே! முப்பத்தேழு ஆண்டுகள் முழங்காலளவு ரப்பர் காலணியோடு முறை வழுவாது நின்ற முதல்வரே! எஸ்தோனியத் தடகள நடுவர் குழுவின் தலைமகனே, ஹெல்துர் பாயு அவர்களே, வணக்கம்!

இவ்வளவு நீளமாக உங்களை இதுவரை யாரும் அழைத்ததில்லை. இப்போதே முகம் சுளிக்கிறீர்கள். வாசலோரமாக நாற்காலி கேட்டு வாங்கியதையும் கவனித்தோம். ஓடிவிடாதீர்கள், உங்கள் ஓய்வு விழாவுக்கான குங்குமப்பூ ரொட்டியைக் கடைசியில்தான் வெட்டப் போகிறோம்.

இரண்டு கிலோ வட்டு தலைக்கு நேராகப் பறந்து வந்தால் நாங்கள் எல்லோரும் தெறித்து ஓடுவோம். நீங்களோ அரையடி நகர்வீர்கள், அது போதுமானதாகவே இருக்கும். விழுந்த இடத்துக்கு நேரே போய், குழியின் ஓரத்தைக் கால் நுனியால் காட்டுவீர்கள். அங்கே அளவுக் கம்பியை ஊன்றினால் போதும், கருவி தூரத்தைச் சொல்லிவிடும். பேச்சில் மட்டும் கடும் சிக்கனம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் உங்களுக்குப் பேச வராது என்று நினைத்து ஆறு மாதம் சைகையிலேயே பேசினார். நீங்களும் அவரைத் திருத்தவில்லை.

அப்படிப்பட்ட உங்களைத் தேசமே திட்டிய நாளைப் பேசாமல் இந்த மடல் முடியாது. தாலினில் நடந்த சர்வதேசப் போட்டி, ஆண்கள் வட்டெறிதல் இறுதிச் சுற்று. நம் தர்மோ ரவுட்செப் முதலிடத்தில் இருந்தார். கடைசி வீச்சு லாட்வியாவின் குந்தார்ஸுடையது. வட்டு விழுந்தது, நீங்கள் கால் நுனியை வைத்தீர்கள், வானம் பொத்துக்கொண்டது. களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கூடாரத்துக்குள் பாய்ந்தோம். அளவுக் கம்பியும் எங்களோடு வந்துவிட்டது.

அளப்பதற்குள் குழி அழிந்தால் குந்தார்ஸ் மறுபடி வீச வேண்டும். வீசுவதற்கு நிற்கும் ஈர வட்டத்தில் அவர் வழுக்குவது உறுதி, தங்கம் நமக்கு. இது அரங்கிலிருந்த குழந்தைக்கும் தெரியும்.

"யோவ் பாயு, உள்ள வாய்யா! அங்க என்ன உருளைக்கிழங்குக்கா காவல் இருக்க?" என்று பார்வையாளர் மேடையிலிருந்து கத்தினார்கள்.

"வந்துடு ஹெல்துர், விறைச்சுப் போயிடுவ! அது லாட்வியாக்காரன் குழிப்பா, உன் வீட்டுக் கிணறா?" என்று கூடாரத்திலிருந்து நாங்களும் கத்தினோம்.

நீங்கள் தொப்பியைக் கழற்றிக் குழியின் மேல் கவிழ்த்தீர்கள். வழுக்கைத் தலையில் ஆலங்கட்டி விழுந்து தெறித்தது. "கம்பியக் கொண்டா" என்றீர்கள். அவ்வளவுதான் பேச்சு.

நாற்பது நிமிடம் நின்றீர்கள். அளந்தபோது குந்தார்ஸ் இரண்டு சென்டிமீட்டர் முந்தியிருந்தார். அவர் ஓடிவந்து உங்களைத் தூக்கிச் சுற்ற, "இறக்கி விடு" என்றீர்கள். தர்மோ துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கோபத்தில் ஊரே உங்களோடு பேச்சை நிறுத்தியது. நீங்கள் அதைக் கண்டுபிடிக்கவே மூன்று மாதம் ஆனது.

இதுவரை 'நாங்கள்' என்று எழுதிவந்த நான் இனி 'நான்' என்றுதான் எழுத வேண்டும். மற்றவர்கள் கையெழுத்திட்டபோது இந்தப் பகுதி மடலில் இல்லை. அன்று கம்பி என் கையில் இருந்தது. ஓடும் அவசரத்தில் எடுத்து வந்தது உண்மை. ஆனால் பதினைந்தாம் நிமிடமே மழை தூறலாகிவிட்டது. குழி நிரம்பட்டும் என்று கம்பியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் உங்கள் தலை நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நடந்து வந்தேன். அறிக்கையில் நீங்கள் "மழையால் கம்பி வர நாற்பது நிமிடத் தாமதம்" என்று எழுதினீர்கள். உங்களுக்குத் தெரியும், ஹெல்துர். மழை பதினைந்து நிமிடம்தான். மீதி இருபத்தைந்து நிமிடமும் நான்.

வெட்கமாக இருக்கிறது. மன்னியுங்கள்.

உடல் நலமும் உள்ள நிறைவும் ஓங்க, சாவுனா நீராவிச் சூட்டிலும் சத்தமில்லாத ஏரிக்கரையிலும் உங்கள் ஓய்வுக்காலம் இனிதே நீள்க! இந்த மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். உள்ளறையில் ஒளித்து வைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வருபவர்கள் கீழே இருக்கும் பெயரை நின்று படிக்கும் உயரத்தில் மாட்டுங்கள்.

அன்பில் குறையாத,
வட்டெறி கள நடுவர் குழுவினர்

எழுதியவன், கம்பியை வைத்திருந்தவன்:
அய்வார் கூஸ்க்