இன்னொரு தடவை

கல்யாண வீடியோவில் தாலி கட்டுவதை நாங்கள் பெரும்பாலும் இரண்டு தடவை எடுப்போம் சார். முதல் தடவை யாராவது பெரியவர் குறுக்கே வந்து அட்சதை போடுவார். "மாப்ள, இன்னொரு தடவை" என்றால் போதும், மாப்பிள்ளை மறுபடி கையைப் பெண்ணின் கழுத்துக்குக் கொண்டுபோவார். உத்திரமேரூரில் பதினாறு வருஷமாக இதுதான் என் வேலை. இதற்காக யாரும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை.

போதை ஊசியில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க நினைத்ததும் நல்ல எண்ணத்தில்தான். திருப்புலிவனத்து அருள்தாஸ் ஒத்துக்கொண்டான். இருபத்திரண்டு வயது. தாய் தகப்பன் இல்லை. அக்கா சோபியா களையெடுத்து, நாற்று நட்டு வளர்த்த பிள்ளை. அவள் கல்யாணத்துக்கும் நான்தான் வீடியோ. "உன்கூட சுத்திக்கினு கீறதாலதாண்ணா அவன் ஒயுங்கா கீறான்" என்று தினமும் அவளே அனுப்பிவைப்பாள்.

அங்கேதான் சிக்கல். அவன் ஊசியை விட்டு நாற்பத்தேழு நாள் ஆகியிருந்தது. சாப்பிட்டான், வேலைக்குப் போனான், சிரித்தான். அதை எடுத்து யாருக்குக் காட்டுவது?

வெறும் ஊசியை வைத்து நடிக்கச் சொன்னேன். பார்க்கவே பொய்யாக இருந்தது. நிஜமாகவே போட்டுக்கொள் என்றேன்.

"வேணாண்ணா. தொட்டா அப்புறம் வுட முடியாது."

"ஒரே ஒரு தடவைடா. உன்னப் பாத்து நாலு பசங்க திருந்துவானுங்க."

அதை நம்பித்தான் சொன்னேன். மருந்தையும் நானே வாங்கி வந்தேன். அவனை அனுப்பினால் பழைய கூட்டாளிகளோடு சேர்ந்துவிடுவான். அவன் மேல் எனக்கு அந்த அக்கறை உண்டு.

ஏரிக்கரை மோட்டார் கொட்டகையில், சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்தோம். நல்ல வெளிச்சம். அவன் போட்டுக்கொள்கிற நேரத்தில் ஓர் ஆடு குறுக்கே வந்துவிட்டது. "இன்னொரு தடவை" என்றேன். கண் செருகத் தொடங்கியிருந்தது. ஆனாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. கையை நீட்டினான்.

நாற்பத்தேழு நாள் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காதாம். டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் அவன் சரிந்ததையும், மூச்சு குறட்டை போல இழுத்ததையும், உதடு நீலமானதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் பதிவாகியிருக்கிறது. பதினோரு நிமிடம். மெமரி கார்டு நிறைந்த பிறகுதான் 108-க்குப் போன் செய்தேன். நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். படத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். அவன் சாவு வீணாகக் கூடாது.

ஆஸ்பத்திரி வாசலில் சோபியா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசி வரிக்கும் நீயாவது அவன்கூட இருந்தியேண்ணா" என்றாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

இன்னொரு தடவை சொல்லும்மா என்றேன். சொன்னாள்.