பழைய தாலுகா ஆபீசில் கறி

செல்லூர் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. முன்சீட்டுப் பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“நேத்து தாலுகா ஆபீசுல கறி தின்னேன் மாப்ள.”

“ஆபீசுலயா?”

“பழைய கட்டடம். புதுப்பிச்சு ஹோட்டலாக்கிட்டாய்ங்க. தாசில்தார் ரூம்புல கேக்கு, ரொட்டி சுடுறாய்ங்க. மகன் கூட்டிட்டுப் போனான்.”

“கவனிப்பு எப்படி?”

“வாசல்லயே ‘உக்காருங்கய்யா’ன்னாய்ங்க. பட்டாவுக்காக எட்டு வருசம் நடந்தேன், அங்க ஒருத்தன் உக்காரச் சொன்னதில்ல. பெறகு ஸ்டேக்குன்னு முழுத்துண்டு மாட்டுக்கறி. எப்படி வேகணும்னு சர்வர் கேட்டான். பழக்கதோசத்துல எந்திரிச்சு, தோள்ல கெடந்த துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, ‘பாத்துச் செய்யுங்கய்யா’ன்னுட்டேன்.”

“செஞ்சாய்ங்களா?”

“அரமணி நேரத்துல வந்துருச்சு.”

பஸ் நகர்ந்தது. பெரியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“அப்படியே அந்தப் பட்டாவையும் கேட்டிருக்கலாம்.”