முடிந்துபோன பதினெட்டுப் பாடங்கள்

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் சீட்டில். கணவர் கையில் போன், போனில் செஸ் பாடம்.

“நான் நித்திரை கொள்ளேக்கையும் படிக்கிறன் போல. பதினெட்டுப் பாடமும் முடிஞ்சுது எண்டு காட்டுது.”

“மூண்டாம் பாடத்திலயே குறட்டை விட்டனீங்கள். மிச்சத்தை ஆர் பாத்தது?”

“ரிஸ்வானுக்கும் பாஸ்வேர்ட் குடுத்தனான். பாவம், கேட்டவர்.”

“இண்டைக்குக் கொட்டாஞ்சேனையில ஃபைனல் ஆரோட?”



“ரிஸ்வானோட.”

அவர் நாலாம் பாடத்தை இரட்டை வேகத்தில் ஓடவிட்டார். குதிரை எப்படிப் பாயும் என்பதே இன்னும் பிடிபடாத நான் எட்டிப் பார்த்தேன்.

“இஞ்சருங்கோ, கொட்டாவி விடாதேங்கோ. கண் சொருகினால் கிள்ளுவன். பதினஞ்சு பாடம் கிடக்கு.”